இடது ஓரம்

ஜனவரி 7, ஞாயிறு

காலையில் பூ மார்க்கெட். எங்கள் புகைப்படச் சங்கமான ஞாயிறு ஒளி வட்டத்தின் இந்த ஆண்டு முதல் நடை. பதினெட்டுப் பேரில் பதினோரு பேர்தான் வந்தார்கள். மீதி ஏழு பேருக்கும் குளிராம். கோயமுத்தூரில் இருந்துகொண்டு மார்கழிக் குளிரைக் குறை சொல்கிறவர்கள் கேமராவை விற்றுவிட்டுக் கம்பளி வாங்கிக்கொள்ளலாம்.

நூற்றுப்பத்துப் படம் எடுத்தேன். நான்கு தேறும். அதில் ஒன்று முதல் தரம். சம்பங்கிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து ஓர் அம்மாள் டீ ஆற்றுகிறாள், ஆவியில் அவள் முகம் பாதி மறைந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் இடது ஓரத்தில் ஒரு மூட்டைக்காரன் நிற்கிறான். பாதி முகம், ஒரு கை, மூட்டையின் மூலை. எடுக்கும்போது அவன் அங்கே இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா? பம்ப் கம்பெனியில் இருபத்தொன்பது வருஷமாக வார்ப்பில் இருக்கிற மயிரிழை விரிசலை வெறுங்கண்ணால் கண்டுபிடித்து ஒதுக்குகிறவன் நான்.

வேறு சங்கமாக இருந்தால் ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். எங்கள் வட்டத்தில் வெட்டக் கூடாது. ஃபிரேமில் விழுந்தது எதுவோ அதுதான் படம், ஒருவனுடைய கால் கட்டைவிரல் வந்திருந்தாலும் அதோடுதான் பிரிண்ட் போட வேண்டும். செயலாளர் ஹென்றி ஸ்கேல் வைத்து அளந்து பார்ப்பார். நானும் கையைத் தூக்கி ஓட்டுப் போட்ட சட்டம்தான் அது, அதனால் திட்டவும் முடியவில்லை.

வளர்மதி டீயோடு வந்து திரையைப் பார்த்தாள்.

"யாருங்க இந்த ஆளு, எட்டிப் பாக்கறான்?"

"திடீர்னு வந்து பூந்துட்டான்."

"போன மாசமும் ஒருத்தன் இப்படித்தான் பூந்தான்" என்றாள். என் மனைவிக்கு ஞாபகசக்தி கொஞ்சம் அதிகம்.

ஜனவரி 9, செவ்வாய்

அண்ணன் தாராபுரத்திலிருந்து இரண்டு தடவை போன் செய்திருக்கிறார். எடுக்கவில்லை. என்ன சொல்வார் என்று தெரியும். அவருக்குக் கண் அழுத்த நோய். வலி இல்லை, சிவப்பு இல்லை, ஒன்றும் தெரியாமலே இரண்டு கண்ணிலும் முக்கால்வாசி பார்வை போய்விட்டது. குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம். கூடப்பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமென்று டாக்டர் சொன்னாராம். ஒரு வருஷமாக இதே பேச்சு.

அவர் பாடு பாவம்தான். அது வேறு விஷயம். எனக்குப் படிக்கிற கண்ணாடியின் பவர்கூட இரண்டு வருஷமாக மாறவில்லை. பொங்கல் முடியட்டும், பார்க்கலாம்.

ஜனவரி 12, வெள்ளி

கேமராவை ஷாஜகான் பாய் கடைக்குக் கொண்டுபோனேன். கண் வைத்துப் பார்க்கிற துளையில் இடது பக்கம் கொஞ்சம் மறைக்கிறது, உள்ளே ஏதோ நகர்ந்திருக்க வேண்டும் என்றேன். பாய் சுவரில் காலண்டரை மாட்டி, ஸ்டாண்டில் கேமராவை வைத்து, பார்த்தார், எடுத்தார், ஒப்பிட்டார்.

"சார், துளையில தெரியறது எல்லாம் படத்துல இருக்கு. படத்துல இருக்கறது எல்லாம் துளையில தெரியுது. ஒரு நூல் வித்தியாசம் இல்ல."

"நல்லாப் பாருங்க பாய்."

"நாலு தடவ பாத்துட்டேன். கேமரால ஒண்ணுமில்ல."

பாய்க்கு வயதாகிவிட்டது. கண் மங்கியிருக்கும். சொல்லிக்காட்டினால் வருத்தப்படுவார் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 17, புதன்

கும்பகோணம். பொங்கல் விடுமுறைக்கு வளர்மதியோடு மூன்று நாள் பயணம். கோயில் கோபுரமெல்லாம் யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். எனக்கு மனிதர்கள் வேண்டும். பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் வாழைத்தார் குவியலில் சாய்ந்துகொண்டு ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் அப்படியொரு நிதானம். தோலை ஒரே சுருளாக உரிக்கிறார். நான் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, இடது கண்ணை மூடி, வலது கண்ணைக் கேமராவில் பதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினேன்.

அதே நொடியில் சட்டைக் காலரைப் பிடித்து யாரோ பின்னால் இழுத்தார்கள். வளர்மதிதான். ஒரு பித்தான் தெறித்துவிட்டது. ஒரு பஸ் என்னை உரசினாற்போல் நின்றது. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினான்.

"யோவ், கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? இவ்ளோ நேரம் ஹாரன் அடிக்கிறேன்."

டெல்டாக்காரர்களுக்கு வாய் நீளம். ஹாரன் எனக்கும் கேட்டது. பஸ் ஸ்டாண்டில் ஹாரன் கேட்காமல் புல்லாங்குழலா கேட்கும்? வளர்மதி என் கையைப் பிடித்துச் சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துப்போனாள். காபி வந்ததும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. புதுப் பித்தான் தைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன்.

ஜனவரி 20, சனி

கும்பகோணத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரியவர் அற்புதமாக வந்திருக்கிறார். இடது பக்கம் கால்வாசி ஃபிரேமை அந்த பஸ்ஸின் முகப்பு அடைத்துக்கொண்டிருக்கிறது. ஹெட்லைட்டில் ஒட்டியிருக்கிற பூச்சிகூடத் தெரிகிறது. இவ்வளவு பக்கத்திலா இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

ஜனவரி 28, ஞாயிறு

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

மாதக் கூட்டத்துக்குச் சென்னையிலிருந்து மஞ்சரி என்ற பெண்மணி விருந்தினராக வந்திருந்தார். பத்திரிகைகளுக்குப் படம் தேர்ந்தெடுப்பது அவர் வேலை. ஆளுக்கு ஐந்து படம் வைத்தோம். தண்டபாணி படங்களை மூன்று நிமிஷத்தில் கடந்துவிட்டார். தண்டபாணி என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், லேத் பட்டறை வைத்திருக்கிறான், என்னைவிட விலை கூடிய லென்ஸ் வைத்திருக்கிறான், அதைத் தவிர குறை சொல்ல ஒன்றுமில்லாத பையன்.

என் படங்களுக்கு முன்னால் அந்த அம்மா நின்றார். நின்றுகொண்டே இருந்தார். மூட்டைக்காரன், பஸ், மீன் மார்க்கெட் படத்தில் ஒரு வெறும் கை, பழனி அடிவாரத்தில் பாதிக் குதிரை. கடைசியில் திரும்பி, "சார், உங்க படத்துல எல்லாம் இடது ஓரத்துலேர்ந்து ஒருத்தர் உள்ள வந்துட்டே இருக்காங்க. நடுவுல இருக்கறவங்களுக்கு அது தெரியவே இல்ல. இந்த பஸ்ஸைப் பாருங்க, எவ்ளோ தைரியம். எல்லாரும் ஓரத்தைச் சுத்தம் பண்ணுவாங்க, நீங்க அங்கதான் கதையை வெச்சிருக்கீங்க. வேணும்னே செய்றீங்களா?" என்று கேட்டார்.

மற்ற பதினேழு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க" என்றேன். "வேணும்னேதான்."

ஹென்றி அங்கேயே அறிவித்துவிட்டார். வருடாந்தரக் கண்காட்சி இந்த முறை ஒரே ஒருவருடையது, இருபத்துநான்கு படங்கள், தலைப்பு 'இடது ஓரம்', மார்ச் 10, மஞ்சரி திறந்து வைக்கிறார். தண்டபாணி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு வருஷமா உங்க பக்கத்துல நடக்கறனுங்ணா, எனக்கு இது ஒறைக்கவே இல்ல பாருங்க."

எனக்கும்தான் உறைக்கவில்லை. அதை அவனிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

உக்கடம் பெரிய குளம். இன்று நடையில் பாதி நேரம் பாடம் நடத்தினேன். "நடுவுல இருக்கறத எல்லாரும் பாப்பாங்க. ஓரத்துல வர்றதப் பாக்காம விடணும். பாக்காத மாதிரி இருந்தாத்தான் அது தானா வரும்." சொல்லும்போதே நன்றாக இருந்தது. இரண்டு பேர் எழுதிக்கொண்டார்கள். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு பொய்யும் இல்லை.

தண்டபாணி ஓரத்தில் ஆள் வரட்டும் என்று ஒரே இடத்தில் முக்கால் மணி நேரம் நின்றான். வந்ததெல்லாம் ஒரு நாய். அதுவும் அவனைப் பார்த்து நின்றுவிட்டது.

வளர்மதி இப்போதெல்லாம் நடைக்கு நானும் வருகிறேன் என்று கிளம்பி வந்துவிடுகிறாள். முப்பது வருஷமாக இல்லாத ஆசை. நான் எங்கே குனிந்தாலும் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். கொஞ்சம் தள்ளி நில் என்றால் கேட்பதில்லை.

அண்ணன் போன். எடுக்கவில்லை. கண்காட்சி முடிந்ததும் நானே பேசுவேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

டவுன்ஹால் பக்கம் நடை. இன்று உண்மையிலேயே வேண்டுமென்றே செய்து பார்த்தேன். ஒரு சைக்கிள்காரர் இடது ஓரத்தில் பாதி வரும்போது அமுக்க வேண்டும், அவ்வளவுதான். நாற்பது தடவை முயற்சி. துளைக்குள் இடது பக்கமாகக் கண்ணை உருட்டினால் அவர் இருக்கிறார், ஆனால் நடுவில் நடப்பது தவறிப்போகிறது. நடுவைப் பார்த்தால் அவர் வருவதே தெரிவதில்லை. அமுக்கிய பிறகு பார்த்தால் முழு சைக்கிளும் உள்ளே நிற்கிறது.

வெயில் அதிகம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டேன். வளர்மதி அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். மொட்டை மாடியில் துணிக்கொடி. எதிரே ஸ்டாண்டைப் போட்டுக் கேமராவை இறுக்கினேன். இனி அது நகராது. துளை வழியாகக் கொடியின் நடுவில் இருக்கிற சிவப்பு கிளிப்பையே பார்ப்பது, துணியை எண்ணுவது.

இடது கண்ணால்: ஒன்பது துணி.

வலது கண்ணால்: ஆறு.

கறுப்பாக எதுவும் மறைக்கவில்லை. ஓட்டை மாதிரியும் இல்லை. வெறும் வானமும் கொடியும் இருக்கிற மாதிரி இருக்கிறது. அங்கே துணியே இல்லாத மாதிரி. கண்ணை உருட்டினால் மூன்றும் திரும்பி வந்துவிடுகிறது. கிளிப்பைப் பார்த்தால் போய்விடுகிறது.

நான்கு தடவை எண்ணினேன். பிறகு ஒன்பதையும் எடுத்து மடித்து வைத்தேன். காய்ந்துதான் இருந்தன.

பிப்ரவரி 14, புதன்

வேலை அதிகம்.

பிப்ரவரி 16, வெள்ளி

கம்பெனியில் இன்று இருநூற்றுப்பன்னிரண்டு வார்ப்பு பார்த்தேன். ஏழு ஒதுக்கினேன். ஏழும் சரி. இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தால் ஒரு குறையும் இல்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

நடைக்குப் போகவில்லை. கண்காட்சிக்கு இருபத்துநான்கு படங்களைத் தேர்ந்தெடுத்துக் கட்டிலில் பரப்பி வைத்திருந்தேன். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். கும்பகோணத்துக்குப் பிறகு எடுத்து, இதில் சேர்க்காமல் ஒதுக்கிய ஐந்து படங்களில் இடது ஓரத்தில் இருப்பது ஒரே ஆள். ஒன்றில் பச்சை முந்தானை, ஒன்றில் முழங்கை, ஒன்றில் செருப்பு, இரண்டில் கைப்பை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"உன்ன தள்ளி நில்லு, தள்ளி நில்லுன்னு எத்தன தடவ சொன்னேன். பாரு, எல்லாத்துலயும் உன் சீலைதான் நிக்குது."

அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு வந்தாள்.

"நான் எந்தப் பக்கம் நிக்கறேன்?"

"பீச்சாங்கைப் பக்கம்."

"ஒருக்காவாச்சும் சோத்தாங்கைப் பக்கம் நின்னிருக்கறனா?"

படங்களைப் பார்த்தேன். இல்லை.

"கும்பகோணத்துல அந்த பஸ்சு அம்பது அடி தூரத்துலருந்து வந்துச்சுங்க. ஒதுங்கிருவீங்க, ஒதுங்கிருவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். உங்களுக்குத் தெரியலைன்னு அப்புறந்தான் புரிஞ்சுது. அன்னைலருந்து அந்தப் பக்கம் நாந்தான் நிக்கறேன். ஏதாச்சும் வந்தா எம்மேல மொதல்ல படட்டும்னுதான் நிக்கறேன்."

பச்சை முந்தானைப் படத்தைக் கையில் எடுத்தேன்.

"தாராபுரத்து மாமா தெனமும் எனக்குத்தான் போன் பண்றாரு. நீங்க எடுக்கறதில்லையாமா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நானும் ஏழு தடவ சொல்லிட்டேன். பொங்கல் முடியட்டும்னீங்க, கூட்டம் முடியட்டும்னீங்க, கண்காட்சி முடியட்டும்னீங்க. கண்ணு முடிஞ்சு போனா என்னங்க பண்றது?"

துணிக்கொடியைப் பற்றிச் சொன்னேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று முதல் தடவையாகச் சொன்னேன். அவள் புதன்கிழமைக்கு ஏற்கனவே பெயர் பதிந்து வைத்திருந்தாள்.

பிப்ரவரி 21, புதன்

கண் ஆஸ்பத்திரி. முகவாயை ஒரு தாங்கியில் வைத்து வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒன்றுக்குள் பார்க்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளி. சுற்றிலும் எங்காவது சின்னதாக வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். பொத்தான் அமுக்குகிற வேலையில் என்னை யாரும் ஜெயிக்க முடியாது என்றுதான் உட்கார்ந்தேன். வலது கண்ணுக்கு ரொம்ப நேரம் ஒன்றுமே மின்னவில்லை. மெஷின் நின்றுவிட்டதா என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"ஓடிட்டுத்தான் இருக்குதுங்க சார். புள்ளியவே பாருங்க" என்றாள்.

டாக்டர் என் மகள் வயதுப் பெண். காகிதத்தை என் முன்னால் வைத்தார். வட்டத்தில் இடது பாதி முழுக்கக் கறுப்பு.

"வலது கண்ல மூக்குப் பக்கப் பார்வை பாதிக்கு மேல போயிருச்சுங்க. போனது திரும்ப வராது. இருக்கறதக் காப்பாத்தலாம். இடது கண்ல இப்பத்தான் லேசா ஆரம்பம், அத நல்லாவே காப்பாத்தலாம். ரெண்டு கண்ணும் தொறந்திருக்கறப்ப ஒண்ணு விட்டத இன்னொண்ணு பாத்துக்கும். அதனால யாருக்கும் தெரியறதில்ல. நீங்க எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

பையிலிருந்து இருபத்துநான்கு படங்களையும் எடுத்து மேஜையில் வைத்தேன். எந்தெந்தத் தேதி என்று கேட்டுக் கேட்டு அவர் அவற்றை வரிசையாக அடுக்கினார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய முதல் படத்தில் ஓரத்தில் ஒரு விரல். அப்புறம் ஒரு கை. அப்புறம் பாதி ஆள். அப்புறம் குதிரை. கடைசியில் பஸ்.

"மெஷின்ல எடுக்க வேண்டியத நீங்களே எடுத்து வெச்சிருக்கீங்க" என்றார்.

இரண்டு சொட்டு மருந்து, காலையும் மாலையும், ஆயுள் முழுக்க. மூன்று மாதத்தில் அழுத்தம் குறையாவிட்டால் ஆபரேஷன்.

பிப்ரவரி 22, வியாழன்

அண்ணனுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர் போன வருஷம் முதல் தடவை சொன்ன அன்றைக்கே போயிருக்கலாம்.

பிப்ரவரி 25, ஞாயிறு

போஸ்டர் அச்சாகி வந்துவிட்டது. 'இடது ஓரம்: நாச்சிமுத்துவின் பார்வை.' ஹென்றி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

யாரிடமும் சொல்வதாக இல்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? படங்கள் நல்ல படங்கள், மஞ்சரி பொய் சொல்லவில்லை. சொன்னால் மற்ற பதினேழு பேரும் சிரிப்பார்கள். கம்பெனியில் தெரிந்தால் பரிசோதனை மேஜையிலிருந்து எழுப்பிவிட்டு ஸ்டோர்ஸில் உட்காரவைப்பார்கள். மருந்து விடுகிறேன், பத்தியமாக இருக்கிறேன், அது என் வீட்டு விஷயம். வளர்மதி போஸ்டரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் பீரோவுக்கு மேலே வைத்தாள்.

மார்ச் 3, ஞாயிறு

தண்டபாணி ஆஸ்பத்திரியில்.

காலையில் நடைக்கு காந்திபுரம் போயிருக்கிறார்கள். நான் போகவில்லை. கிராஸ்கட் ரோட்டில் நடு ரோட்டுக்கு இறங்கி, முட்டி போட்டு, இடது கண்ணை மூடிக்கொண்டு கேமராவுக்குள் பார்த்திருக்கிறான். ஓரத்தில் வருவதைப் பார்க்கக் கூடாது, தானாக வரட்டும் என்று. தானாக வந்தது ஓர் ஆட்டோ. ஆட்டோக்காரர் எவ்வளவோ வண்டியை ஒடித்துத் திருப்பியிருக்கிறார். மணிக்கட்டு முறிந்து, நெற்றியில் ஏழு தையல். அவன் மனைவி வார்டு வாசலில் கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "நீங்க சொன்னா கேப்பாருங்ணா, இனிமே ரோட்டுல எறங்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள்.

அவன் என்னடாவென்றால் சந்தோஷமாகப் படுத்திருக்கிறான். கட்டுப் போட்ட கையால் கேமராவைச் சுட்டி, எடுத்துப் பார்க்கச் சொன்னான்.

"பாருங்ணா, ஆட்டோ கரெக்டா விழுந்திருக்குது. உங்க பஸ்சு மாதிரியே. நீங்க சொன்ன மாதிரி அந்தப் பக்கம் பாக்கவே இல்லீங்ணா."

படத்தைப் பார்த்தேன். அருமையாகத்தான் விழுந்திருக்கிறது. ஆட்டோவின் முன் சக்கரம், அதற்கு மேலே வாயைத் திறந்துகொண்டு ஓட்டுநர். தண்டபாணி அதைப் பார்க்காமல் இருக்க எவ்வளவு சிரமப்பட்டிருப்பான் என்று நினைத்தேன். நல்ல கண் இரண்டையும் வைத்துக்கொண்டு.

"தண்டபாணி, நான் வேணும்னு செய்யல" என்றேன்.

"அது தெரியுமுங்ணா, நீங்க வேணும்னா என்னைய ரோட்டுல எறக்கி வுட்டீங்க?"

அவனுக்குப் புரியவில்லை. நர்ஸ் வந்துவிட்டாள். வெட்கமாக இருந்தது, என்மேல் எனக்கே ஆத்திரமாக இருந்தது. வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

மார்ச் 4, திங்கள்

அண்ணனுக்கு நானே போன் செய்தேன்.

"சொல்லு சாமி" என்றார்.

"எனக்கும் இருக்குதுங்ணா. வலது கண்ணுல பாதி போயிருச்சு. அந்தக் கண்ணாலதான் படம் புடிக்கறது."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"மருந்து நேரத்துக்கு விடறியா?"

"விடறனுங்ணா."

"கண்ண மூடி ரெண்டு நிமிசம் மூக்கோரத்த அமுத்திக்கோணும். இல்லாட்டி மருந்து தொண்டைக்குப் போயிரும். அந்த ஆஸ்பத்திரிப் புள்ளைக சொல்ல மறந்துருவாங்க."

மார்ச் 7, வியாழன்

மூன்று வேலை முடித்தேன். கம்பெனியில் மேனேஜரிடம் சொன்னேன். அவர் உடனே ஸ்டோர்ஸ் என்று சொல்லவில்லை, நான் பார்த்ததை இன்னொருவரும் ஒருமுறை பார்க்கட்டும், மே மாதம் வரை இப்படி ஓடட்டும் என்றார். மஞ்சரிக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். ஹென்றியிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், போஸ்டர் ஊரெல்லாம் ஒட்டியாச்சு."

"இருக்கட்டும். படத்த எல்லாம் தேதி வரிசையில மாட்டணும். முதல் படம் வாசல் பக்கம், பஸ் கடைசிச் சுவத்துல. ஒவ்வொண்ணுக்கும் கீழ தேதி மட்டும். என் பேர்கூட வேண்டாம்."

"மஞ்சரி மேடம் வரலைன்னா?"

"வராட்டி நானே கத்திரிக்கோல் புடிச்சுத் தெறந்துக்கறேன்."

மார்ச் 10, ஞாயிறு

ஆர்.எஸ்.புரத்தில் அந்தச் சின்ன ஹால் நிரம்பிவிட்டது. மஞ்சரி வந்தார். தண்டபாணி கட்டுப் போட்ட கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தான். பெங்களூரிலிருந்து மகள் கீர்த்தனா. தாராபுரத்திலிருந்து அண்ணன், வளர்மதியின் தோளைப் பிடித்துக்கொண்டு.

பேசச் சொன்னார்கள். நேற்று தயாரித்த பேச்சு நான்கு பக்கம். அதை எடுக்கவில்லை.

"இதுல நடுவுல இருக்கறவங்கள மட்டுந்தானுங்க நான் பாத்து எடுத்தேன். ஓரத்துல இருக்கற ஒருத்தரையும் நான் பாக்கல. எனக்குக் கண் அழுத்த நோய். எங்கண்ணு எப்படிப் போச்சுன்னு வாசல்லருந்து வரிசையா மாட்டியிருக்குது. வேணும்னு எடுத்தேன்னு சொன்னது பொய்யிங்க. அந்தப் பொய்ய நம்பி ஒருத்தன் கைய ஒடிச்சுக்கிட்டான். அவங்கிட்டயும் உங்ககிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

யாரும் கைதட்டவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "அப்ப படம் எல்லாம் பொய்யிங்களா?" என்று கேட்டார்.

"படம் நெசமுங்க. நான் சொன்னதுதான் பொய்."

மஞ்சரி பேசும்போது, அன்றைக்குத் தான் பாராட்டியதை ஒரு வார்த்தைகூடத் திரும்பப் பெறவில்லை என்றும், ஆனால் இன்று இந்தச் சுவரைப் பார்க்கும்போது பாராட்டத் தோன்றவில்லை, வீட்டுக்குப் போய் அப்பாவுக்குப் போன் செய்யத் தோன்றுகிறது என்றும் சொன்னார். கூட்டம் எழுந்து வாசலிலிருந்து வரிசையாகப் பார்க்க ஆரம்பித்தது. ஒவ்வொரு படத்தின் முன்னாலும் ஆட்கள் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்கள். தண்டபாணி என் பக்கத்தில் வந்து நின்றான். பிறகு, "அடுத்த ஞாயித்துக்கெழம நடைக்கு எங்கீங்ணா போறோம்?" என்று கேட்டான்.

அண்ணன் பஸ் படத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப்போய் நிறுத்தினேன். நாலடி அகலத்துக்குப் பிரிண்ட் போட்டிருந்தது. அவருக்குத் தெரிவது ஒரு சாத்துக்குடி அளவு இடம்தான், அதை வைத்துக்கொண்டு வலது பக்கத்திலிருந்து மெதுவாக முகத்தை நகர்த்தினார். "வாழத்தாரு" என்றார். "ஒரு காலு. வேட்டி. ஆரஞ்சு உரிக்கறாரு. நல்லா இருக்குது சாமி. மொகம் நல்லா இருக்குது." இன்னும் கொஞ்சம் இடது பக்கம் திரும்பினார். திரும்பியவர் சட்டென்று ஓரடி பின்னால் தாவி என் கையைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் வளர்மதிமேல் மோதிக்கொண்டோம்.

அது படம்தான் என்று அவருக்குத் தெளிய ஒரு நிமிஷம் ஆயிற்று. கையை விடவில்லை. ஏதாவது ஆறுதலாகச் சொல்வார் என்று நினைத்தேன்.

"புள்ளைக்குக் கண்ணு பாத்துட்டியா?" என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. போஸ்டர், பேச்சு, தண்டபாணி, கம்பெனி என்று மூன்று வாரம் ஓடிவிட்டது. என் கண்ணைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். கீர்த்தனா எங்கே என்று உடம்பை முழுக்கத் திருப்பித் தேடினேன். போனில் யாருக்கோ படங்களை அனுப்பிக்கொண்டு தூணோரம் நின்றிருந்தாள். இருபத்தேழு வயது. அவளிடம் போய் நாளைக் காலையில் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றேன்.

"எனக்கு எதுக்குப்பா? எனக்கு எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுட்டேன். அடுத்த தடவ வர்றப்ப பாத்துக்கலாம்."

நான் ஒன்றும் விளக்கவில்லை. அவள் கையிலிருந்த போனிலேயே, என் கண்ணெதிரே அந்த டிக்கெட்டை ரத்து செய்ய வைத்தேன்.